லேசான பெட்டி

இசோமுரா எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் அதன் முதுகில் உள்ளங்கையை வைப்பார். சூடு சரியாக இருக்கிறதா, உள்ளே விசிறி சீராக ஓடுகிறதா என்பதைத் திரை சொல்வதற்கு முன்னால் கை சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. பெரிய நிறுவனமொன்றில் டேட்டாபேஸ் பிரிவில் இருந்த காலத்தில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், மாட்டு டாக்டர் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். பிறகு நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது மாட்டு டாக்டரின் பெயரும் பட்டியலில் இருந்தது. மனைவி அதற்குக் கொஞ்ச காலம் முன்பே மகளோடு வடக்கே சப்போரோவுக்குப் போய்விட்டிருந்தாள். மகளிடமிருந்து புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் அதுவும் வரவில்லை. அட்டை தபாலில் தவறியிருக்கும் என்று அந்த வருடம் மட்டும் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தோக்கியோவின் கிழக்கே, டிராம் தண்டவாளத்தை ஒட்டிய ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு, மற்றவர்கள் தொட மறுக்கும் பழைய சர்வர்களைப் பார்த்துக்கொடுத்து வந்தார். அவற்றில் ஒன்று கோயிலுடையது.

கோயில் என்றுதான் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகக் கட்டடம் போல இருக்கும். கீழே பிரார்த்தனைக் கூடம், மேலே வரிசையாகச் சின்னச் சின்ன வழிபாட்டு அறைகள், இரண்டுக்கும் நடுவே ஜன்னலே இல்லாத மாடிகளில் இறந்தவர்களின் எலும்புப் பெட்டிகள். குடும்பத்தார் வந்து அறை வாசலில் அட்டையைக் காட்டினால், இருட்டுக்குள் ஓர் இயந்திரக் கை கிளம்பிப் போய் அவர்களுடைய பெட்டியைத் தேடியெடுத்துக் கருங்கல் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தும். கதவு திறக்கும், பக்கத்துத் திரையில் இறந்தவரின் படம் வரும், ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது டேட்டாபேஸுக்கு மட்டும்தான் தெரியும். இயந்திரம் தன் வசதிக்கேற்பப் பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் மனிதர் எவரும் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

அங்கே இசோமுராவுக்கும் ஓர் இடம் உண்டு. கூலியில் ஒரு பகுதிக்கு ஈடாக, அவர் இறந்தபின் அவருடைய எலும்பை மூன்றாம் மாடியில் வைத்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெயர் சொல்லிச் சூத்திரம் ஓதுவதாகக் கோயிலின் தலைமைப் பிட்சுவான பெரிய சாமி ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை இசோமுராவே தட்டச்சு செய்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டு, இறந்த தேதி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். எண்டரைத் தட்டியபோது, மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது அவருக்கு.

வருடத்துக்கு ஒருமுறை சட்டப்படி கட்டடத்தின் மின்சாரத்தை முழுக்க நிறுத்திச் சோதனை போட வேண்டும். கோயில் அதற்கு டிசம்பர் இருபத்தொன்பதை வைத்திருந்தது. ராசியில்லாத நாள் என்று அன்று யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள், கும்பிடவும் வர மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் இசோமுரா காலையிலேயே வந்து டேட்டாபேஸை முறைப்படி நிறுத்திவிட்டு, சோதனை முடிந்ததும் தானே எழுப்பிவிட்டுப் போவார். அந்த வருடம் தண்டவாளத்தில் யாரோ குதித்துவிட்டதால் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. பெட்டியில் இருந்தவர்கள் கைபேசியைப் பார்த்தபடி, அலுவலகத்துக்குத் தாமதம் என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இசோமுராவும் அனுப்பினார். மின் பரிசோதகர்களுக்கு அடுத்தடுத்துக் கட்டடங்கள் காத்திருந்தன, அவர்கள் பொறுக்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சர்வரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேட்டரியை மாற்றச் சொல்லி அவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். அது நொடியில் செத்தது.

அவர் வந்து சேர்ந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சர்வரும் ஓடியது, அதன் முதுகு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டேட்டாபேஸ் மட்டும் எழவில்லை. எழுப்பினால் ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உடனே விழுந்தது. கோப்பு உரிமைகளைப் பார்த்தார், சரியாக இருந்தன. நினைவகம் போதுமா என்று பார்த்தார், போதும். பழைய பூட்டுக் கோப்பு ஏதும் வழியில் கிடக்கிறதா என்று தேடினார், இல்லை. பிறகு டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டார். தாராளமாக இடம் இருப்பதாகப் பதில் வந்தது.

அது நம்பும்படியாக இல்லை. போன மாதம் பார்த்தபோது டிஸ்க் மூச்சு முட்டும் நிலையில் இருந்தது. புது டிஸ்க் வேண்டும் என்று அதையும் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது இந்த இடம் எங்கிருந்து வந்தது?

டேட்டாபேஸ் எந்தத் தகவலையும் நேரே உரிய இடத்தில் எழுதிவிடாது. முதலில் அவசரக் குறிப்பாகத் தனிக் கோப்புகளில் கிறுக்கிக்கொள்ளும், கை ஒழிந்தபோது பொறுமையாக உள்ளே ஏற்றும். திடீரென்று மின்சாரம் போனால் அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் தான் யார், எதுவரை செய்திருந்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு எழும். குறிப்புகள் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். பெருக்கித் துடைத்த அறைபோல இருந்தது. ஒரு தூசுகூட இல்லை.

முந்தைய நாள் கோயிலில் ஆண்டுமுடிவுப் பெருந்துப்புரவு. புத்தர் சிலையிலிருந்து கழிவறை வரை அன்று எல்லாரும் துடைப்பார்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹிருகாவா அம்மாளை அழைத்துக் கேட்டபோது அவள் கையில் அப்போதும் துணி இருந்தது. திரையில் இடம் இல்லை என்று சிவப்பாக எழுதி வந்ததாம். யாரும் தொடாத கோப்புகள் மலைபோலக் கிடந்தனவாம். அழுக்கைச் சுமந்துகொண்டு புது வருடத்துக்குள் போகக் கூடாதே என்று அழித்துவிட்டாள்.

“அலமாரியெல்லாம் தொடச்சிட்டு, கடைசியா இதையும் தொடச்சேங்க,” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “தப்பா?”

இசோமுரா திரையில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு இடுப்பை வளைத்துக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. துணி மட்டும் தரையில் ஈரமாக உரசிக்கொண்டிருந்தது.

அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்க அன்று முழுவதும் முயன்றார். டிஸ்க்கின் அந்த இடங்களின்மேல் வேறு ஏதேதோ எழுதப்பட்டுவிட்டிருந்தது. மறுநாள் காலை அந்த ஆசையை விட்டுவிட்டு, தனி டிஸ்க்கில் அவர் எடுத்துவைக்கும் நகலிலிருந்து டேட்டாபேஸை மறுபடி கட்டினார். துப்புரவுக்கு முந்தின நாள் எடுத்த நகல் அது. இம்முறை அது எழுந்தது, எழுந்து நின்றது. இயந்திரக் கையை அனுப்பித் தட்டுத் தட்டாகச் சரிபார்க்கச் சொன்னார். இருட்டுக்குள் அது போய்வரும் சத்தத்தைச் சுவரில் காதை வைத்துக் கேட்டபடி ஒரு சோற்றுருண்டையைப் பிரித்துச் சாப்பிட்டார். பெட்டிகள் எல்லாம் தத்தம் பெயரோடு ஒத்துப்போயின, இரண்டைத் தவிர.

அந்த இரண்டும் துப்புரவு நாளன்று பிற்பகல் வந்தவை. டிஸ்க் திணறிக்கொண்டிருந்ததால் அவற்றின் பதிவுகள் அவசரக் குறிப்புகளாக மட்டுமே இருந்து, குறிப்போடு சேர்ந்து போய்விட்டன. மற்றப் பெட்டிகளின் முகப்பில் குடும்பப் பெயர் பொறித்த தகடு இருக்கும். புதியவற்றுக்குத் தகடு செய்து வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை முகப்பு வெறுமைதான். வந்தவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. ஒன்று நிஷிவாகி என்ற டாக்ஸி ஓட்டுநரின் மனைவி சனாயே. மற்றொன்று ஓனுமா என்ற கிழவர். தனியாக இறந்துகிடந்து, கேட்க ஆளில்லாமல் வார்டு அலுவலகம் சவ அடக்கக்காரர் மூலம் அனுப்பிவைத்தவர். எந்தப் பெட்டி யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

பெட்டியைக் கோயில் முன்கூட்டியே கொடுத்துவிடும். கொண்டுவருகிறவர்களே எலும்பு ஜாடியை உள்ளே வைத்து மூடித் தருவார்கள். பெரிய சாமியின் மருமகனான சின்னச் சாமி அன்று துடைப்பமும் கையுமாக இருந்தவர், இரண்டையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சூத்திரம் ஓதி, முத்திரைத் தாள் ஒட்டி உள்ளே அனுப்பியிருந்தார். வலதா இடதா என்று கேட்டதற்கு அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். ஹிருகாவா அம்மாளுக்கும் எண்கள் நினைவில்லை. வார்டு அலுவலகம் விடுமுறை. சவ அடக்கக்காரரின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

திறந்து பார்த்துவிடலாமே என்றார் இசோமுரா. முத்திரை ஒட்டிய பெட்டியைக் குடும்பத்தார் முன்னிலையில் அல்லாமல் திறப்பதில்லை என்றார் பெரிய சாமி. அப்படியானால் நிஷிவாகியை அழைக்கலாம் என்றதற்குப் பெரிய சாமி புன்னகைத்தார். அவருடையது மென்மையான குரல், இறந்த வீடுகளில் பேசிப் பேசிப் பழகியது.

“ஒருத்தர்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நாளைக்கு அத்தனை குடும்பமும் வந்து எங்க பெட்டியத் திறந்து காட்டுன்னு நிக்கும். இந்தப் பேச்சு இந்த அறையத் தாண்ட வேணாம்.” பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலச் சொன்னார். “உங்க இடமும் இங்கதானே இருக்கு, இசோமுரா.”

அப்போதுதான் இசோமுராவுக்கு ஒரு வழி தோன்றியது. நிஷிவாகி எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில், மனைவி ஊருக்குப் போயிருந்த இடத்தில் இறந்ததாகவும் ஒசாகா பக்கத்தில் எரியூட்டியதாகவும் இருந்தது. தோக்கியோவில் எரித்தபின் உறவினர்கள் சாப்ஸ்டிக் குச்சிகளால் எலும்பு முழுவதையும் பொறுக்கி ஜாடியில் போடுவார்கள். மேற்கே, ஒசாகா பக்கம், அப்படியில்லை. முக்கியமானவற்றை மட்டும் சின்ன ஜாடியில் எடுத்துக்கொண்டு மீதியைச் சுடுகாட்டிலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே லேசான பெட்டி அவளுடையதாக இருக்க வேண்டும்.

பின்கட்டில் புத்தாண்டு மோச்சிக் கொழுக்கட்டைக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தராசை வாங்கிவந்து, ஒட்டியிருந்த அரிசி மாவைத் துடைத்துவிட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். வித்தியாசம் கைக்கே தெரிந்தது, தராசு தேவைப்பட்டிருக்காது. ஒன்று நன்றாகக் கனத்தது. மற்றதைத் தூக்கும்போது உள்ளே ஏதும் இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. சின்னச் சாமி நிம்மதியாக மூச்சு விட்டார். பெரிய சாமி இசோமுராவின் தோளைத் தட்டினார். இசோமுரா மேலே போய் லேசான பெட்டியின் எண்ணுக்கு எதிரே சனாயே என்றும், கனத்த பெட்டிக்கு எதிரே ஓனுமா என்றும் எழுதினார். செய்தது சரி என்பதில் அவருக்கு அப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

புத்தாண்டு அன்று கோயிலில் கூட்டம். புது டேட்டாபேஸ் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி இசோமுரா வந்திருந்தார். அவருக்குப் போக வேறு இடமும் இல்லை. மதியம் போல வெளியே, பானம் விற்கும் இயந்திரத்தருகே சூடான காபி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது, டாக்ஸி ஓட்டுநரின் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்து சில்லறையைத் தேடினார். பேச்சில் மேற்கத்திய இழுவை இருந்தது. கோயில் ஆளா என்று கேட்டார். மெஷினைப் பார்ப்பவன் என்றார் இசோமுரா.

“உங்களுது கெட்டிக்கார மெஷின்யா,” என்றார் அவர். “அட்டையத் தேய்ச்ச உடனே வந்து நிக்கிறா. நான் வாசல்ல காரை வச்சுக்கிட்டு ஆரன் அடிச்சு அடிச்சு, ஒரு நாளாவது உடனே வந்திருப்பாளா? லிப்ஸ்டிக்குன்னுவா, கேஸ மூடலன்னுவா. செத்த பெறகுதான் சொன்ன நேரத்துக்கு வர்றா.”

இவர்தான் நிஷிவாகி என்று இசோமுராவுக்குப் புரிந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை. நிஷிவாகி தயங்கவில்லை. இடுப்பு வலியைச் சொன்னாராம். வருடக் கடைசியில் குடித்துவிட்டு ஏறிய பயணி பின் சீட்டில் வாந்தியெடுத்ததைச் சொன்னாராம். ஒரு காலத்தில் அவளுக்குத் தெரியாமல் செய்த ஒன்றையும் சொல்லிவிட்டாராம். அதை என்னவென்று சொல்லவில்லை, இசோமுராவும் கேட்கவில்லை.

மேற்கே எரியூட்டியது சிரமமாக இருந்திருக்கும் என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தார் இசோமுரா.

“சிரமமென்ன. எங்க பக்கத்து வழக்கப்படி கொஞ்சமா எடுத்துக்கிட்டு மிச்சத்த விட்டுட்டுப் போன்னாங்க. நான் விடுவேனா? பாதிப் பொம்பளையவா ரயில்ல கூட்டிட்டு வர முடியும்? அவ்வளவு பெரிய ஜாடி இங்க இல்லைன்னான் அந்த ஆளு. வெளிய போய்த் தேடி வாங்கிட்டு வந்து, சாம்பல் வரைக்கும் வழிச்சுப் போட்டேன். என் மச்சினன் சிரிச்சான். சிரிக்கட்டும்.” வாங்கிய டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்தார். “மடியில வச்சுக்கிட்டு வந்தேன். தொடை மரத்துப் போச்சு, அவ்வளவு கனம்.”

இசோமுராவின் கையிலிருந்த டப்பாவின் சூடு அதற்குள் ஆறியிருந்தது. நிஷிவாகி காலி டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டு, நாளை மறுநாள் மறுபடி வருவதாகச் சொல்லிக் காரை நோக்கி நடந்தார்.

மேலே போய் இரண்டு வரிகளை மாற்றி எழுதினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரிய சாமிகூட அதைத்தான் சொல்வார். இசோமுரா கண்ணாடிக் கதவு வரை போனார். போகும்போதே, முந்தாநாள் தராசில் வைத்தபோதும் இப்படித்தான் நிச்சயமாக இருந்தோம் என்ற நினைப்பு வந்தது. தோக்கியோவில் எரித்த ஓனுமாவும் கனமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அவர் ஏன் அவ்வளவு லேசாக இருந்தார்? அல்லது லேசாக இருந்தது அவர்தானா? எடை சொன்னதை ஒருமுறை நம்பியாகிவிட்டது. இனித் திறந்து பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். குடும்பம் இல்லாமல் திறக்க முடியாது. அந்தக் குடும்பமோ காரில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடிப்போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார்.

பெரிய சாமி தடுக்கவில்லை. கூட்டம் இருந்தது, சத்தம் வரக் கூடாது. சின்னச் சாமியோடு சேர்த்து நால்வரும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். இசோமுரா குனிந்தபடி நடந்ததை முழுக்கச் சொன்னார். துப்புரவு செய்தவரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. நிஷிவாகி கையுறையைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்தார்.

கனத்த பெட்டியை முதலில் திறந்தார்கள். பெரிய ஜாடி, அதைச் சுற்றிப் பழைய பருத்திக் கிமோனோவைக் கிழித்துத் தைத்த நீலப் பை. நிஷிவாகி அதன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். லேசான பெட்டிக்குள் ஊறுகாய் ஜாடி அளவில் ஒன்று, அதன்மேல் ஒட்டுத்தாளில் ஓர் எண். இடத்தை மிச்சம் பிடிக்க, ஆளில்லாதவர்களைச் சின்ன ஜாடியில் கொள்கிற அளவுக்கு மட்டும் எடுப்பது உண்டு என்று சின்னச் சாமி தணிந்த குரலில் சொன்னார். சாப்ஸ்டிக் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துவைக்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நிஷிவாகி வெகுநேரம் சின்ன ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“அப்ப காலையில நான் சொன்னதையெல்லாம் கேட்டது இந்த ஆளா?”

ஆம் என்று இசோமுரா தலையைத் தாழ்த்தினார்.

“அவகிட்ட இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது,” என்றார். “ஒரு தடவதான் சொல்ல முடியும் அது.”

மனைவியை அங்கே விட்டுவைக்க அவர் சம்மதிக்கவில்லை. நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். முன் சீட்டில் வைத்து இருக்கைப் பட்டையை மாட்டினார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றோ சொல்வேன் என்றோ அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் பெரிய சாமி இசோமுராவைப் பெயர் சொல்லி அழைத்தார். குரல் அப்போதும் மென்மையாகத்தான் இருந்தது. விடுமுறை முடிந்ததும் கோயில் இந்த வேலைக்கு வேறு நிறுவனத்தை வைத்துக்கொள்ளும் என்றும், இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்றும் சொன்னார். மூன்றாம் மாடி இடம் வேலையோடு சேர்ந்த ஏற்பாடு என்பது இசோமுராவுக்கே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். இசோமுரா தெரியும் என்றார்.

கடைசியாக ஒருமுறை சர்வர் அறைக்குப் போனார். முதுகில் கை வைத்தார். சீராக ஓடியது. லேசான பெட்டியின் எதிரே இருந்த பெயரை அழித்து ஓனுமா என்று எழுதினார். கனத்த பெட்டி வெளியே போய்விட்டதாகக் குறித்தார். பிறகு தன் சொந்தப் பதிவைத் தேடியெடுத்தார். இறந்த தேதிக் கட்டம் காலியாகவே இருந்தது. வரியை நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றார்.

வந்து கும்பிட்டவர்களின் விவரம் தனி அட்டவணையில் சேரும், அது பெட்டி எண்ணோடு கட்டப்பட்டது. ஓனுமாவின் பெயரில் இப்போது ஒரு வருகை இருந்தது. ஜனவரி ஒன்று, காலை, நிஷிவாகி. தவறான பதிவு, திருத்த வேண்டியதுதான். இசோமுரா விசைப்பலகையின்மேல் விரல்களை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். திரையை அணைத்துவிட்டு, அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். டிராம் வர நேரமிருந்தது, நடந்தே போனார்.